மூன்று பேட்டரியில் டைட்டானியத்துக்கு நிறம்: வீட்டிலேயே அனோடைசிங்

ஊதா, நீலம் என்று மின்னும் டைட்டானியம் சைக்கிள் போல்ட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெயிண்டும் இல்லை, சாயமும் இல்லை. டைட்டானியத்தின் மேல் எப்போதுமே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. மின்சாரம் செலுத்தினால் அது தடிக்கும்; இப்படித் தடிக்க வைப்பதுதான் அனோடைசிங். படலத்தின் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி கலந்து நிறமாகத் தெரிகிறது. மழை ரோட்டில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுவதும் இதே கணக்குதான். எவ்வளவு தடிக்கும் என்பதை முடிவு செய்வது வோல்டேஜ்.

தேவையானவை

9 வோல்ட் பேட்டரி மூன்று, குரோகடைல் கிளிப் வைத்த ஒயர் இரண்டு, பிளாஸ்டிக் டப்பா, ஆப்பசோடா, டிஸ்டில்டு வாட்டர், கொஞ்சம் டைட்டானியம் கம்பி, ஒரு பழைய எவர்சில்வர் ஸ்பூன், ரப்பர் கையுறை. சமையல் உப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் மின்சாரம் பாய்ந்தால் குளோரின் வாயு வரும்.

போல்ட் நிஜமாகவே டைட்டானியம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எவர்சில்வர் போல்ட்டை இப்படி மாட்டினால் நிறம் ஏறாது, அரிக்கத்தான் செய்யும்.

சுத்தம்

பாதி வேலை இதுதான். பலர் அவசரப்படுவதும் இங்கேதான். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் படலம் சீராக வளராது. ரேகை அப்படியே திட்டாகத் தெரியும். முதலில் நைஸ் உப்புத்தாளால் ஒரே திசையில் தேயுங்கள். அப்புறம் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் பழைய டூத் பிரஷும் வைத்து, மரையின் இடுக்கு வரை கழுவுங்கள். கடைசியாக அசிட்டோனில் துடைத்துவிட்டால், அதன்பின் வெறும் கையால் தொடவே கூடாது. நன்றாகக் காய்ந்து அசிட்டோன் வாடை போன பிறகே பேட்டரி பக்கம் கொண்டுபோங்கள்.

கடைகளில் பளிச்சென்ற நிறத்துக்காக ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் முக்குவார்கள். அது தோல் வழியாகப் புகுந்து எலும்பு வரை பாதிக்கும். வீட்டில் அந்த ஆசையே வேண்டாம்.

இணைப்பு

அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடாவைக் கரையுங்கள். பேட்டரிகளைத் தொடராக, ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸில் வருகிற மாதிரி மாட்டினால் 27 வோல்ட். மைனஸ் ஸ்பூனுக்கு, பிளஸ் போல்ட்டுக்கு. போல்ட்டில் டைட்டானியம் கம்பியைச் சுற்றி, கம்பியின் மேல் நுனியில் கிளிப்பைப் போடுங்கள். கிளிப் தண்ணீரைத் தொட்டால் மின்சாரம் அதன் வழியே போய்விடும், போல்ட்டுக்கு நிறமே ஏறாது. ஸ்பூனும் போல்ட்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

முக்கும்போது

மெதுவாக இறக்குங்கள். ஸ்பூனில் சின்னக் குமிழிகள் கிளம்பும். அது ஹைட்ரஜன், ஜன்னல் திறந்திருக்கட்டும். போல்ட் முதலில் வெண்கல நிறமாகி, ஊதாவுக்கு மாறி, நீலத்தை நோக்கி நகரும். சில நொடிகளில் நடந்து முடிகிற இந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே இதைச் செய்யலாம். நிறம் நின்றுவிட்டால் வேலை முடிந்தது, மேலும் ஊறவைத்துப் பயனில்லை. ஒயரைக் கழற்றிவிட்டு எடுத்து, கழுவிக் காயவிடுங்கள். ஈரத்தில் தெரிவது உண்மையான நிறம் அல்ல.

இரண்டு பேட்டரி, அதாவது 18 வோல்ட் என்றால் வெண்கலத்தோடு நின்றுவிடும். மஞ்சளுக்கு 60 வோல்ட்டை நெருங்க வேண்டும், பச்சைக்கு 100 வோல்ட் பக்கம் வரும். ஈரக் கையோடு அந்த வோல்டேஜ் உயிருக்கே ஆபத்து; புதியவர்கள் 30 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். அசல் சிவப்பு இந்த முறையில் வராது.

இரண்டு நிறம் வேண்டுமானால்

வோல்டேஜைக் கூட்டினால் நிறம் மாறும், குறைத்தால் பின்னால் வராது. இதையே சாதகமாக்கிக்கொள்ளலாம். போல்ட்டின் தலையில் நெயில் பாலிஷ் பூசிக் காயவிட்டு, மற்ற இடத்துக்கு 27 வோல்ட் கொடுங்கள். பிறகு அசிட்டோனால் பாலிஷை எடுத்துவிட்டு, கழுவி உலர்த்தி, 18 வோல்ட்டில் முக்குங்கள். தலை மட்டும் வெண்கலமாகும், மற்றது அப்படியே இருக்கும்.