கருவி வந்த பிறகு என்ன ஆகும்? சமூகத் தொழில்நுட்பத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளரும் நாடுகளின் கிராமங்களுக்கும் ஏழைக் குடியிருப்புகளுக்கும் கணினி, செல்போன், செயலி என்று கொண்டுபோகும் திட்டங்கள் நல்ல மனதோடுதான் தொடங்குகின்றன. அவற்றில் பல, சில வருடங்களில் பூட்டிய அறையில் தூசி படிந்து கிடக்கின்றன. செலவான பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அடுத்து வருபவர் எவ்வளவு நல்ல யோசனை சொன்னாலும் அந்த ஊர் நம்பாது.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு, கருவியை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற தேவையைத் தேடுவது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை அமெரிக்கக் கணினித் துறைப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005-இல் அறிவித்தபோது, 100 டாலர் கணினி என்று உலகமே பேசியது. கடைசியில் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பெரு நாடு மட்டும் 8 லட்சத்துக்கும் மேல் வாங்கியது. அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. பிள்ளைகளின் பொதுவான சிந்தனைத் திறனில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். அந்தப் பள்ளிகளில் இணையம் அநேகமாக இல்லை, கணினியைப் பாடத்தோடு எப்படிச் சேர்ப்பது என்று ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கவும் போதிய ஏற்பாடு இல்லை. நல்ல ஆசிரியர் கையில் கணினி உதவும். ஆசிரியருக்குப் பதிலாக அது நிற்காது.

இதற்கு நேர்மாறான உதாரணம் கென்யாவின் எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவை. 2007-இல் அது வந்தபோது புதிய கருவி எதையும் யாரும் வாங்க வேண்டியிருக்கவில்லை, கையில் இருந்த சாதாரண செல்போனே போதும். முன்னோட்டச் சோதனையில் அது சிறுகடன் தவணை கட்டுவதற்காகத்தான் வடிவமைக்கப்பட்டது. மக்களோ ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப அதைப் பயன்படுத்தினார்கள். நடத்தியவர்கள் அதைக் கவனித்து, ஊருக்குப் பணம் அனுப்பும் சேவையாகவே அறிமுகப்படுத்தினார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் 'திட்ட அறிக்கையில் இப்படி இல்லையே' என்று பிடிவாதம் பிடிப்பது அடுத்த பெரிய தவறு.

ஊரில் கணினி மையம் திறந்தாயிற்று, எல்லோரும் வரலாம் என்று பலகை வைத்தாயிற்று. சரி, யார் வரவில்லை? அந்தக் கட்டடத்துக்குள் எந்தச் சாதியினர் தயங்காமல் நுழைய முடியும், இருட்டிய பின் பெண்கள் வர முடியுமா, படிக்கத் தெரியாதவருக்கு அங்கே என்ன வேலை என்று முதலிலேயே கேட்க வேண்டும். புதுச்சேரி வீராம்பட்டினத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னது. கடலுக்குப் போகும் மீனவர் கணினி முன்னால் உட்காரவே வேண்டாம். மத்திய இந்தியாவில் 2010-இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா என்ற தொலைபேசிச் செய்திச் சேவையும் குரலையே நம்பியது. மிஸ்டு கால் கொடுத்தால் எதிர்முனையிலிருந்து அழைப்பு வரும். கோண்டி என்ற பழங்குடி மொழி பேசுபவர் தன் மொழியிலேயே குறையைப் பதிவு செய்யலாம், மற்றவர் பதிவையும் கேட்கலாம்.

களப்பணியாளரின் உழைப்பைக் கணக்கில் எடுக்காததுதான் எனக்கு மிகவும் வலிக்கும் தவறு. ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டு வாசலில் நின்று கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தை நோட்டில் எழுதுகிறார், ஏனென்றால் மேலதிகாரி நோட்டைத்தான் பார்ப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போய், சிக்னல் கிடைக்கும் மூலையாகப் பார்த்து உட்கார்ந்து, அதையே டேப்லெட்டில் ஒவ்வொரு கட்டமாக மறுபடி ஏற்றுகிறார். ஒரு கட்டம் விட்டுப்போனால் படிவம் சேமிக்காது. இன்னொரு அமைப்பு இன்னொரு செயலியோடு வந்தால் மூன்றாவது முறையும் அதே வேலை. உகாண்டாவில் ஒன்றோடொன்று பேசாத இத்தகைய முன்னோட்டத் திட்டங்கள் பெருகிப்போய், 2012 ஜனவரியில் சுகாதார அமைச்சகமே எல்லாவற்றையும் நிறுத்தி, ஒப்புதல் வாங்கிய பிறகு நடத்தச் சொன்னது. ஆகவே புதிய செயலி வந்தால் பழைய நோட்டை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேலதிகாரி சம்மதிக்கவில்லை என்றால், செயலிக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

பராமரிப்புச் செலவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சூரிய மின்கலனின் பேட்டரி சில வருடங்களில் தேயும், அதை மாற்றும் பணம் முதல் நாள் பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும். பழுது பார்க்க உள்ளூரிலேயே ஒருவருக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளமும் கொடுக்க வேண்டும்.

அப்புறம், விவரங்களைச் சேகரிப்பதில் காட்டும் அவசரம். 2022 ஜனவரியில் பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் தன் சேவையகங்கள் ஊடுருவப்பட்டதை அறிவித்தது. போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள் உட்பட 5 லட்சத்து 15 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களின் விவரங்கள் அதில் இருந்தன. அவ்வளவு அனுபவமுள்ள அமைப்புக்கே அப்படி என்றால், சிறிய குழு இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கைரேகையோ நோய் விவரமோ உதவி செய்யத் தேவையில்லை என்றால் கேட்கவே வேண்டாம். கேட்டே ஆக வேண்டும் என்றால், யார் பார்ப்பார்கள், திட்டம் முடிந்ததும் யார் எப்போது அழிப்பார்கள் என்பதை எழுதி, கொடுப்பவரின் மொழியில் அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள்.