கடற்கரை மணற்புஞ்சையில் கொழிஞ்சி: விதை முதல் வண்டு வரை

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள மணற்பாங்கான புஞ்சைகளிலும் வரப்போரங்களிலும், மற்றச் செடிகள் வாடிக் கிடக்கும் நாளிலும் ஊதாப் பூவோடு நிற்கும் சிறுசெடி கொழிஞ்சி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் இலை நேராகக் கிழியாமல் அம்புமுனை போல இரண்டாகப் பிளந்து வரும்; ஐயம் இருப்பவர்கள் இப்படிச் சோதித்துக்கொள்ளலாம்.

விதையைச் சேகரிப்பது எளிது, முளைக்க வைப்பதுதான் கடினம். காய்கள் பழுப்பு நிறமாகி வெடிப்பதற்கு முன் பறித்து, துணியில் பரப்பி உலர்த்தினால் விதை தானாக உதிரும். ஆனால் விதையின் மேல்தோல் நீரை உள்ளே விடாத அளவுக்குக் கெட்டியானது என்பதால், அப்படியே தூவினால் பெரும்பகுதி முளைக்காமல் மண்ணிலேயே கிடந்துவிடும். பலரும் விதையைக் குறை சொல்வது இந்தக் கட்டத்தில்தான். சொரசொரப்பான மணலோடு கலந்து, சாக்கில் போட்டு, தோலின் பளபளப்பு மங்கும் வரை தேய்த்து எடுங்கள். விதை நொறுங்கும் அளவுக்குத் தேய்க்க வேண்டியதில்லை.

இம்மாவட்டத்துக்கு மழை தருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்றே. ஆகவே புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதல் மழையிலோ விதைப்பது நல்லது. பசுந்தாள் உரத்துக்காக வயல் முழுவதும் விதைப்பவர்களுக்கு ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ வரை தேவைப்படும். பூவுக்காக வரப்பில் விதைப்பவர்களுக்குச் சில கைப்பிடிகள் போதும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி என்பதால், நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவதைத் தவிர்த்து நேரடியாகவே விதையுங்கள். தொடக்கத்தில் மெதுவாகத்தான் வளரும். தண்ணீர் தேங்கும் பள்ளம் இதற்கு ஆகாது. ஆடுமாடுகள் இதை விரும்பி மேய்வதில்லை என்பதால் வேலியைப் பற்றிய கவலை குறைவு.

பசுந்தாளுக்கென வளர்ப்பவர்கள் பூக்கத் தொடங்கும்போதே மடக்கி உழுவார்கள். மண்ணுக்கு அது சரி. தேனீக்கு அது பந்தியில் உட்கார வைத்து இலையை எடுப்பது போன்றது. வயலை உழுதாலும் ஓரத்தில் நான்கடி அகலத்தை உழாமல் விட்டுவிடுங்கள்.

பூவின் அடியிதழ்கள் இரண்டும் படகு போல ஒட்டியிருக்கும். தேன் தேடி வரும் தேனீ அவற்றின்மேல் அமர்ந்து அழுத்தும்போது, உள்ளே மறைந்திருக்கும் மகரந்தத் தாள்களும் சூல்முடியும் வெளிப்பட்டு அதன் வயிற்றில் உராய்கின்றன. வெயில் ஏறும் முன் வரப்பில் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் இது கண்ணெதிரே நடக்கும். தேனீக்களோடு, இலையை வட்டமாக வெட்டிக் கூடு கட்டும் தனித்தேனீக்களும் வரும். தனித்தேனீக்களில் பல வகைகள் வெறும் மண்ணில் வளைதோண்டி வாழ்பவை. ஆகவே செடிகளுக்கிடையே கொஞ்சம் தரையைக் கொத்தாமல் விடுவது பூவை வளர்ப்பதற்கு இணையான வேலை. மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டுக்கு, காய்ந்த பழைய மரக்கட்டை ஒன்றை வேலியோரம் போட்டுவையுங்கள். முருங்கை வைத்திருப்பவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும், ஏனெனில் முருங்கைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதில் கருவண்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

பக்கத்து மிளகாய்க்கு மருந்தடிக்க நேர்ந்தால் தேனீ நடமாட்டம் ஓய்ந்த மாலையில் அடியுங்கள். இன்னொன்று: கொழிஞ்சியில் மீனை மயக்கும் நஞ்சு இருப்பதால், வெட்டிய தழையை ஊருணியிலோ மீன் வளர்க்கும் குட்டையிலோ கொட்டக் கூடாது. செடியடியில் மூடாக்காகப் போடலாம்.