கெம்பு மோதிரத்தில் எலுமிச்சை வேண்டாம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து வீடுகளில், தீபாவளிக்கு முன்னால் நகைகளை எலுமிச்சைச் சாறு விட்டுத் துலக்குவோம். தங்கத்துக்குச் சரி, கெம்புக்கு, அதாவது மாணிக்கத்துக்கு, ஆபத்து.

இன்று மலிவாகக் கிடைக்கும் மாணிக்கங்கள் பலவற்றில் விரிசல்களை ஈயக் கண்ணாடியால் நிரப்பியிருக்கிறார்கள். மாணிக்கத்தின் கடினத்தன்மை, வைரத்தை 10 என்று வைக்கும் மோஸ் அளவில் 9. ஆனால் அந்தக் கண்ணாடியை எலுமிச்சைப் புளிப்பே அரித்துவிடும், வெள்ளைக் கோடுகள் விழும். அப்படிக் கெட்டுப்போன கல்லைப் பார்த்தால் மனசு வலிக்கும். 10 மடங்கு லென்ஸில் கல்லை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். விரிசலில் நீல ஒளி மின்னினால், உள்ளே தட்டையான குமிழிகள் தெரிந்தால், பெரும்பாலும் நிரப்பிய கல்தான்.

அப்புறம், மோதிர அளவை மாற்றக் கொடுக்கும்போது ஆசாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கல்லைக் கழற்றாமல் நெருப்பைக் காட்டினால் கண்ணாடி உருகிவிடும். வீட்டில் கழுவ ஈரத்துணி போதும்.