இளம் வீரர் ஒப்பந்தமும் 25 பேர் பட்டியலும்: நான் சரிசெய்த விதம்

பாளையங்கோட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஆடும் ஃபுட்பால் மேனேஜர் (கால்பந்து கிளப்பை நாமே நடத்தும் கணினி விளையாட்டு) ஆட்டத்தில் இரண்டு சிக்கல்கள் சேர்ந்தே வந்தன. யூத் ஒப்பந்தத்தில் இருந்த நல்ல பையனை இன்னொரு கிளப் இழப்பீடு கட்டிக் கொத்திக்கொண்டு போனது. இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரிமியர் லீக்குக்கு வீரர்களைப் பதியும் பட்டியலிலும் புதிதாக வாங்கிய ஆளுக்கு இடமில்லை.

முதலாவதற்கு மருந்து பிறந்தநாள்தான். இங்கிலாந்தில் 17 வயதானதும் தொழில்முறை ஒப்பந்தம் போடலாம். யூத் அணியை வயதுவாரியாக அடுக்கி, தேறுகிறவனுக்கு அன்றைக்கே ஆஃபர் அனுப்புகிறேன். 18-க்குக் கீழே 3 ஆண்டுதான் உச்சம் என்பது ஃபிஃபா விதி. ஆகவே 18 ஆனதும் நீட்டித்துவிட வேண்டும். தேறாதவனை விட்டுவிடுவதே நல்லது, சம்பளம் மிச்சம்.

பட்டியலில் பலர் குழம்புவது 25 என்ற எண்ணில். அதில் உள்நாட்டில் வளராதவர்கள் (21 வயதுக்குள் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் 3 சீசன் இல்லாதவர்கள்) அதிகபட்சம் 17. மிச்ச 8 இடத்துக்கு உள்நாட்டில் வளர்ந்தவர்கள் இல்லையென்றால் அது காலியாகவே கிடக்கும். 21 வயதுக்குட்பட்டவர்களைப் பதியவே தேவையில்லை: 2023-24 சீசன் என்றால் 2002 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள். அவர்களை நீக்கினாலே இடம் திறக்கும்.

யுஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு) நடத்தும் கிளப் போட்டி இன்னும் கெடுபிடியானது. கிளப்பிலேயே வளர்ந்தவர்கள் 4 பேர் வேண்டும்; 15 முதல் 21 வயதுக்குள் 3 சீசன் நம்மிடம் இருந்திருக்க வேண்டும். லோனில், அதாவது தற்காலிகமாக இன்னொரு கிளப்புக்கு ஆடப் போன காலம் இதில் சேராது. அதனால் வெளிநாட்டுப் பையனை 18 ஆனதுமே வாங்கி, அந்த மூன்று சீசனும் லோனுக்கு விடாதீங்க தம்பிகளா, கையிலேயே வச்சுக்கோங்க.