மறுபதிப்புக்காகக் காத்திருக்கும் ரசிகர்கள் செய்யவேண்டியவை

பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னியின் பழைய ஆல்பங்களை ஒலி சீரமைத்து, கூடுதல் பதிவுகளுடன் மறுபதிப்பாகத் தரும் ஆவணத் தொகுப்பு வரிசை 2010இல் ‘பேண்ட் ஆன் த ரன்’ ஆல்பத்துடன் தொடங்கியது. 1978இல் வெளிவந்த ‘லண்டன் டவுன்’, அதற்கு அடுத்த ஆண்டு வந்த ‘பேக் டு தி எக்’ ஆகியவையும் அதில் இடம்பெற வேண்டும் என்பது சிங்கப்பூரில் இருக்கும் நம்மைப் போன்றோரின் நெடுநாள் ஏக்கம்.

அந்த ஏக்கத்தை வேண்டுகோளாக எழுதி இசை நிறுவனத்துக்கு அனுப்ப விரும்புவோர், “ஒலித்தரம் மேம்பட வேண்டும்” என்று பொதுவாகச் சொல்லாமல், கையிலிருக்கும் பதிப்பை ஹெட்ஃபோனில் முழுமையாகக் கேட்டு, எந்தப் பாடலில் எந்தக் கருவி மங்கி ஒலிக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, ஆவணக் கிடங்கில் இருக்கக்கூடியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘பேக் டு தி எக்’ ஆல்பத்துக்காக 1978 அக்டோபரில் அபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் ‘ராக்கெஸ்ட்ரா’ என்ற பெயரில் கூடிய பெருங்குழுவில் புகழ்பெற்ற ராக் இசைக்கலைஞர்களான பீட் டவுன்ஷெண்ட், டேவிட் கில்மோர், ஜான் பான்ஹாம் ஆகியோர் மெக்கார்ட்னியுடன் சேர்ந்து வாசித்தார்கள். அந்த அமர்வு படமாகவும் எடுக்கப்பட்டது. அப்படத்தைச் சீரமைத்து ஆல்பத்துடன் சேர்த்துத் தருவதைவிட நியாயமான கோரிக்கை எனக்குத் தெரிந்து வேறில்லை. ‘லண்டன் டவுன்’ என்றால், 1977இல் விர்ஜின் தீவுகளில் படகில் பதிவான ஒலிநாடாக்களைக் கேட்கலாம்.

பெட்டித் தொகுப்பு அறிவிக்கப்பட்டால், அடெல்ஃபி கடைத்தொகுதியின் இசைத்தட்டுக் கடைகளில் முன்பதிவு உண்டா என்று விசாரியுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால், அனுப்பும் செலவையும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கூட்டிப் பார்த்த பிறகே விலையை ஒப்பிட வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் அட்டை உறைகளில் பூஞ்சை எளிதில் படர்வதால், பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களுடன் நிமிர்த்தி அடுக்குங்கள்.