தேள் கொட்டியது பனையில், நெறி கட்டியது தென்னையில்

"பனைமரத்தில் தேள் கொட்டத் தென்னைமரத்தில் நெறி கட்டியது போல" என்று என் ஆச்சி சொல்லாத வாரம் கிடையாது. அண்ணனைத் திட்டினால் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். உடனே இது வந்து விழும். அண்மையில் ஒருவர் இதிலுள்ள நெறிக்கு ஒழுக்கம் என்று பொருள் கூறி நீண்ட விளக்கம் கொடுத்ததைக் கேட்டு மனம் நொந்துபோனேன். காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் உருண்டையாக வீங்கி வலிக்குமே, அதைத்தான் திருநெல்வேலிச் சீமையில் நெறி கட்டியிருக்கிறது என்கிறோம். புண் ஓரிடம், வீக்கம் வேறிடம். ஒரே உடம்பில் இது நடக்கும். அதைத் தூக்கி இரண்டு மரங்களின் மேல் ஏற்றியதில்தான் சிரிப்பே இருக்கிறது. பேச்சுவழக்கில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்காமல் அகராதியின் முதல் பொருளை எடுத்துக்கொண்டால் அந்தச் சிரிப்பு செத்துவிடும்.

இதைவிட என்னை வருத்துவது, உவமையைத் 'திருத்தும்' பழக்கம். அம்மி பறக்காது, ஆகவே 'ஆடிக் காற்றில் அம்மை பறக்கும்' என்பதே சரி என்கிறார்கள். மண் குதிரை ஏது, அது 'மண் குதிர்' என்கிறார்கள். குதிர் என்றால் நெல் சேமிக்கும் கூடு. நம் பக்கம் குலுக்கை என்போம். அதை நம்பி யார் ஆற்றில் இறங்குவார்கள்? அம்மி பறக்காது என்பது சொன்னவர்களுக்கும் தெரியும். ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்றுக்கு முன்னால் ஒருமுறை நின்று பாருங்கள், அந்த மிகை எங்கிருந்து பிறந்தது என்று விளங்கும். கயத்தாற்றில் காற்றாலைகள் நிற்பதும் காற்று வலுவை நம்பித்தான். மூலச்சொல் மாறிவிட்டது என்று வாதிடுகிறவர் பழைய தொகுப்புகளில் அந்த வடிவத்தைக் காட்ட வேண்டும். பெர்சிவல் 1874இலும் ஜென்சன் 1897இலும் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டிருக்கிறார்கள். அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது போல' என்பதைச் சிலர் காரணத்துக்கும் விளைவுக்கும் எடுத்துக்காட்டாக எழுதுகிறார்கள். நேர் எதிர். பழம் கனிந்துதான் விழுந்தது. காக்கை அந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். வடமொழியிலும் இதே கருத்து 'காகதாலீய நியாயம்' என்று வழங்குகிறது. ஆகவே இது எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று மார்தட்டுவதும் பிழையே.

'பனைமரத்தடியில் பால் குடித்தது போல' என்பது மதுவிலக்குப் பிரசாரம் அன்று. குற்றமில்லாதவன் மேல் விழும் சந்தேகத்தைச் சொல்வது. பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். இரண்டும் ஒரே மரத்திலிருந்துதான். உள்ளே சுண்ணாம்பு பூசியிருக்கிறதா என்பது கலயம் கட்டியவருக்குத் தெரியும். மரத்தடியில் ஒருவன் எதையோ குடிப்பதைத் தூரத்திலிருந்து பார்க்கிற வழிப்போக்கனுக்கு எப்படித் தெரியும்?