கொரிய மூலிகை எசென்ஸ்: முதல் முறை போடுகிறவர்களுக்கு

எசென்ஸ் என்பது முகப்பூச்சு வரிசையில் டோனருக்கும் (முகம் கழுவியதும் தடவும் நீர்) சீரத்துக்கும் (அதற்கு மேல் பூசும் செறிவான திரவம்) நடுவில் வருகிற சமாச்சாரம், வடித்த கஞ்சித் தெளிவு போல லேசாக வழவழவென்று இருக்கும். வாங்கும்போது புட்டியின் முன்பக்கப் பூப்படத்தில் மயங்காமல் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். பச்சைத் தேயிலை, வல்லாரை (நாம் துவையல் அரைக்கிற அதே வல்லாரைதான், கொரியப் புட்டிகளில் ‘சிக்கா’ என்று போட்டிருக்கும்) எல்லாம் சருமத்தை ஆற்றும், சரி, ஆனால் கரும்புள்ளி மங்க வேண்டுமென்றால் நியாசினமைடு, ஆர்புட்டின், அதிமதுரச் சாறு இவற்றில் ஒன்றாவது வேண்டும். நியாசினமைடு 2 முதல் 5 சதவீதம் இருந்தால் போதும்.

நேராக முகத்துக்குப் போகாதீர்கள். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி இரண்டு நாள் பாருங்கள். மூலிகைதானே என்று நான் ஒருமுறை இதை விட்டுவிட்டு, கன்னம் சிவந்து ஒரு வாரம் அரித்தது.

முகம் கழுவி, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் உள்ளங்கையில் நாலைந்து சொட்டு விட்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், பாதியை அதுவே குடித்துவிடும். ஒரு நிமிடம் கழித்து கிரீம். காலையில் அதற்கு மேல் சன்ஸ்கிரீன் கட்டாயம், அது இல்லாவிட்டால் மங்கின புள்ளி வெயிலில் திரும்பிவிடும்.

எட்டு வாரமாவது பொறுங்கள். புள்ளி மங்கும், பொலிவு வரும். பிறந்த நிறம் மாறாது. அப்புறம், புட்டியில் திறந்த மூடிப் படத்துக்குள் 12 என்று இருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதம்தான் கணக்கு.